மலை ஏறாத ஆடு

ரொட்டிச் சூளையில் அடுப்புப் பார்க்கிறவன் வீட்டில் பகல்தான் இரவு. தெருவே பல் துலக்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு அவன் வேலை முடிந்து படியேறி வருவான். புருவத்திலும் காதுமடலிலும் மாவு பூத்திருக்கும். சட்டையைக் கழற்றி மாடிப்படியிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைவான். அதே நேரத்தில் அவன் மனைவி கிளம்பிக்கொண்டிருப்பாள். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை அவளுக்கு. கதவருகே இருவரும் இடித்துக்கொள்ளாமல் இடம் மாறிக்கொள்வார்கள். "முட்டை மூடி வச்சிருக்கேன். பட்டாணி சாப்பிட்டாச்சு" என்பாள். "ம்" என்பான். ஆறு வருஷக் குடித்தனத்தில் பாதிப் பேச்சு அந்த வாசலில் நடந்ததுதான்.

பட்டாணி அவர்கள் மகள். நாலரை வயது. குறைமாதத்தில் பிறந்து உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தாளென்று சூளையில் யாரோ வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

இரண்டாவது மாடியில் ஒரே அறை. மூலையில் அடுப்பு மேடை, அதற்கு எதிரே அவனுடைய பாய். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலில் பழைய கம்பளி ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தான். காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் மூன்று வரைக்கும் அவன் தூங்குவான். அந்த அரை இருட்டில், அவன் தலைமாட்டிலிருந்து நாலு முழம் தள்ளி, பிள்ளை தன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் சாமான்கள்கூடச் சத்தம் போடப் பழகவில்லை. கதவுக் கீலுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விடுவாள் மனைவி. குழாய் சொட்டுகிற இடத்தில் துணி போட்டிருப்பாள். "உங்க வீட்டுல ஒரு குழந்தை இருக்கறதே எங்களுக்குத் தெரியலையேம்மா" என்று கீழ்வீட்டுக்காரி மெச்சிக்கொள்வாள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை பாலர் பள்ளிக்கூட வாசலில் உடைந்தது. மூன்று வயது வரைக்கும் வாய் ஓயாத பிள்ளை, பிறகு சொல் சொல்லாக உதிர்த்துவிட்டு, கடைசியில் தலையசைப்பிலும் விரல் நீட்டலிலுமே காரியத்தை முடித்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்து அம்மா சொன்னார்: "தண்ணி வேணும்னுகூடச் சொல்ல மாட்டேங்கறா. பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க." காது பார்க்கிற டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். நாக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். எல்லாம் இருந்தது, பேச்சைத் தவிர. ஆஸ்பத்திரியின் பின்கட்டிலிருக்கும் பேச்சுப் பயிற்சி அறைக்கு எழுதிக்கொடுத்தார்.

அங்கே இருந்த பயிற்சியாளரை எல்லோரும் பேச்சு டீச்சர் என்றார்கள். நாற்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் முட்டுகிற குட்டி நாற்காலிகள். சுவரில் ஒரு கண்ணாடி. முதல் நாள் அவனுடைய ஃபோனை வாங்கி அதில் ஓர் ஆப்பை ஏற்றிக்கொடுத்தார். திரையில் ஒரு மலை, அடிவாரத்தில் ஒரு வெள்ளாடு.

"பிள்ளைக் குரல் கேட்டா ஆடு ஏறும், பெரியவங்க சத்தத்துக்கு அசையாது. குரல் நின்னா ஆடும் நின்னுடும். உச்சிக்குப் போனா மணி அடிக்கும். என்ன பேசினாலும் பரவாயில்ல, வெறும் 'ஆ'ன்னாகூடப் போதும். தினம் இருபது நிமிஷம். எவ்வளவு ஏறுதுன்னு இங்க என் கம்ப்யூட்டர்ல கோடு வரும், நான் பாத்துக்குவேன்."

"சரிங்க டீச்சர்."

"இன்னொண்ணு அப்பா. ஃபோனைக் கையில குடுத்துட்டு நீங்க ஒதுங்கிடக் கூடாது. பக்கத்துல உக்காந்து கூடப் பேசணும். ஆடு ஒரு சாக்குதான். பிள்ளை பேசறது மனுஷங்ககிட்டதான்."

"நானே உக்காந்துக்கறேன் டீச்சர்" என்றான்.

அன்று சாயங்காலம் சூளையில் இதைச் சொன்னபோது, மாவு பிசைகிற எந்திரத்தருகே நின்ற லொடலொடா கையை உதறிக்கொண்டு வந்தான். பேச்சு நிற்காத ஆள், அதனால் அந்தப் பெயர். வாயும் எந்திரமும் ஒன்றாகத்தான் ஓடும்.

"ஆப்பா? யாருக்கு வச்சாங்க ஆப்பு, உனக்கா?"

"சும்மா இருடா. ஃபோன்ல வர்ற ஆப்பு. ஆடு மலை ஏறும்."

"ஆடு மலை ஏறினா பிள்ளை பேசிடுமா? என்னக் கூட்டிட்டுப் போ மச்சான். நான் ஒரு மணி நேரம் உக்காந்தேன்னா ஆடு மலையத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிப் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அச்சுகளைத் தட்டில் அடுக்கி, நீளக் கட்டைத் துடுப்பால் சூளைக்குள் தள்ளினான். திறந்த வாயிலிருந்து அனல் முகத்தில் அறைந்தது. அடுப்புப் பார்க்கிறவனுக்கு உட்கார நேரம் கிடையாது. ஒரு வரிசை வெந்து வெளியே வரும்போது அடுத்த வரிசை பொங்கிக் காத்திருக்கும். கண் அசந்தால் நூறு ரொட்டி கரியாகும்.

முதல் இரண்டு நாள் சொன்னபடி உட்கார்ந்தான். பிள்ளை ஃபோனைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறக்கவேயில்லை. "ஆடு ஏறட்டும்டி கண்ணு. ஆ சொல்லு. ஆ..." என்று அவன்தான் ஆடு மாதிரி கத்திக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான். நான்காம் நாளிலிருந்து ஆப்பைத் திறந்து, ஃபோனைத் தலையணை மேல் சாய்த்து அவளுக்கு முன்னால் வைத்துவிட்டுப் பாயில் விழுந்துவிடுவான். மனைவி கேட்டால், "உக்காந்தேனே" என்பான்.

மூன்று வாரம் கழித்துப் பேச்சு டீச்சர் கூப்பிட்டனுப்பினார். இரண்டு நாளாக விடாத மழை. சூளையிலிருந்து நேரே வீட்டுக்குப் போய், பிள்ளைக்குத் தலையில் பாலிதீன் பையைச் செருகித் தூக்கிக்கொண்டு வந்தான். அறைக்குள் ஈரத் துணி வாடை. பட்டாணி ஒரு மூலையில் மரக்கட்டைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க ஆரம்பித்தாள். கட்டைமேல் கட்டை படுகிற சத்தமே எழவில்லை.

டீச்சர் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினார். இருபத்தோரு நாள். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"தினமும் செய்றீங்கதானே அப்பா?"

"செய்றோம் டீச்சர்."

"பக்கத்துலயே உக்காந்து?"

"பக்கத்துலதான்."

"அப்படின்னா ஒரு 'ஆ' கூடவா வரல? ஒரு சிரிப்பு, ஒரு இருமல்? அதுக்குக்கூட ஆடு ரெண்டடி ஏறுமே." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஃபோன்ல மைக் கெட்டிருக்கோ என்னவோ. அந்த இருபது நிமிஷச் சத்தமும் இதுல சேமிச்சு வச்சிருக்கும். கேட்டுப் பாத்துடலாம்."

இது அவனுக்குத் தெரியாது. சத்தம் சேமிக்கப்படும் என்று முதல் நாளே சொல்லியிருப்பார், அவன் காதில் விழுந்திருக்காது.

டீச்சர் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு நாளைத் தேர்ந்து தட்டினார். அவர் உதட்டில் சின்னச் சிரிப்பு வந்தது. அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவர் சிரிப்பு நின்றது. சத்தத்தைக் கூட்டினார். இரண்டு உள்ளங்கையையும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். திரும்ப முதலிலிருந்து கேட்டார். இன்னொரு நாளைத் தட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன டீச்சர்?"

காதிலிருந்து கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

முதலில் குறட்டை. அறுக்கிற மரம் மாதிரி, ஏறி இறங்கி, வெட்கங்கெட்ட குறட்டை. அது தன்னுடையதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. காது சிவந்தது. அந்தக் குறட்டைக்கு அடியில், மாவுச் சல்லடையில் மாவு இறங்குகிற மாதிரி, வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. சல்லடைச் சத்தத்துக்குள் சொற்கள் இருந்தன.

"ஏறு ஆடு... சத்தம் போடாம ஏறு. அந்தக் காலைத் தூக்கி இங்க வை. நீ நல்ல ஆடுல்ல? மணி அடிக்கவே கூடாது. அப்பா தூங்கறாரு. முழிச்சா அப்பா செத்துப்போயிடுவாரு."

குறட்டை சட்டென்று நின்றது. அந்தக் கிசுகிசுப்பும் நின்றது. பாய் சரசரத்தது, யாரோ புரண்டார்கள். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பிறகு குறட்டை மறுபடி கிளம்பியது. ஒரு குட்டிப் பெருமூச்சு.

"இருக்காரு. சரி, நீ ஏறு ஆடு."

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான். அது கை நழுவி மேஜையில் விழுந்து 'டொக்' என்றது. மூலையில் பட்டாணி விலுக்கென்று நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். விழித்திருக்கிறான் என்று பார்த்ததும் மறுபடி கட்டையை எடுத்தாள்.

"பேசறா" என்றான். சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று புரியாதவன் போல டீச்சரைப் பார்த்தான். "டீச்சர், பேசறாளே. முழுசா பேசறா."

"எல்லா நாளும் பேசியிருப்பா போல. நான் கேட்ட ரெண்டு நாள்லயும் இருக்கு." டீச்சர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இந்த ஆப்புக்குக் குசுகுசுப்பு காதுல விழாது. தொண்டையிலருந்து குரல் வந்தாத்தான் ஆடு நகரும். கோடு ஏறல, அதனால பிள்ளை வாயே திறக்கலன்னு நான் முடிவு பண்ணிட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் போட்டுக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கல. கோட்டை மட்டும் பாத்துட்டு இருந்தேன்."

"நான் பக்கத்துல உக்காரல டீச்சர்."

"அதுதான் குறட்டையிலயே தெரிஞ்சுதே" என்றார். இருவருமே சிரிக்கவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "செத்துப்போயிடுவாருன்னு யார் சொன்னாங்க அவகிட்ட?"

"யார் சொல்லுவாங்க? யாரும் சொல்லல. வீட்டுல நாங்க மூணு பேருதான்."

சொல்லும்போதே அவனுக்கு வியர்த்தது.

மழையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அவள் மூச்சு கழுத்தில் சூடாகப் பட்டது. இந்த மூச்சுக்குள்ளேயா இத்தனை சொல்லையும் வைத்திருந்தாள்? கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. பயமாக இருந்தது. அனல் சூளைக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நின்றவனுக்கு நாலரை வயசுப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கப் பயம்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிவிட்டான். உடைந்த ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தான். தனக்கு எதுவும் இறங்கவில்லை. படுக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். மணி பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. பட்டாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவனுடைய பாயை அவளே இழுத்துவந்து விரித்தாள். தலையணையைத் தட்டி வைத்தாள். அவன் கைவிரலைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையாமலிருக்கவும், உதடு பிதுங்கியது. சத்தமே இல்லாமல் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு பிள்ளை இப்படி அழுமா? இத்தனை நாள் இவள் இப்படித்தான் அழுதுகொண்டிருந்தாளா? தூக்கத்தில் அவனுக்கு எதுவுமே தெரியாமல் போயிருக்கிறது.

அவன் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு சின்னக் கை அவன் நெற்றியைத் தட்டிக்கொடுத்தது. மூன்று மணி வரைக்கும் கண்ணைத் திறக்காமல், தூங்காமல், பொய்யாக மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கிடந்தான்.

மனைவி ஐந்தரைக்கு வந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஓசைப்படாமல் நுழைந்தவள், அவன் நின்ற நிலையைப் பார்த்துத் திகைத்தாள்.

"என்னங்க, வேலைக்குக் கிளம்பல?"

அவளை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். நடுவில் இரண்டு தடவை, "பேசறாளா? நெஜமாவா?" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு கடைசி வாக்கியத்தைச் சொன்னான். அவள் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

"யாரு சொன்னது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"நான் சொல்லல. நான் ஏன் அப்படிச் சொல்றேன்? பெத்த வாய் சொல்லுமா அப்படி?" என்று படபடத்தவள் பாதியில் நிறுத்தினாள். அவன் வலது கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே சுருங்கிப் பளபளக்கும் தீத்தழும்பை.

அது நடந்து ஒன்றரை வருஷம் இருக்கும். தொடர்ந்து நாலு நாள் சரியான தூக்கமில்லாமல் சூளைக்கு முன்னால் தலைசுற்றி விழுந்தான். லொடலொடாதான் இழுத்துப் போட்டான். கை மட்டும் வெந்ததோடு போயிற்று. தூக்கமில்லாமல் இப்படியே போனால் ஒருநாள் ஆளே உள்ளே விழுந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

"உங்களக் கொண்டாந்து படுக்க வச்சேன்" என்றாள். கண் எங்கேயோ இருந்தது. "இவ தட்டை எடுத்து வச்சு டங்கு டங்குன்னு அடிச்சுட்டுப் பாடிட்டிருந்தா. எனக்குப் பைத்தியமே புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. கையப் புடுங்கி, வாயப் பொத்தி... வாயை மூடுடி, அப்பா முழிச்சாருன்னா செத்துப்போயிடுவாருன்னு..." படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு தடவைங்க. ஒரே ஒரு தடவை. அன்னிக்கே மறந்துட்டேன்."

"அவ மறக்கல."

"ஒன்றரை வருஷமா உங்களக் காவல் காத்துட்டு இருந்திருக்கா."

அவனுக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. பிள்ளை அந்தக் காவல் காத்தது நாலு முழம் தள்ளி. அவன் தினமும் அங்கேதான் கிடந்தான்.

அன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று இருவருக்கும் அவசரம். அந்த அவசரம்தான் கெடுத்தது. அம்மா மண்டியிட்டு, "அம்மா சொன்னது பொய்டி செல்லம். அப்பா சாக மாட்டாரு. நீ சத்தமா பேசு" என்றாள். பிள்ளை அம்மாவின் வாயைக் கையால் பொத்தினாள். அவன் புத்தி கெட்டுப்போய், "இங்க பாரு, அப்பா படுத்துக்கறேன். சத்தம் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, பாரு" என்று பாயில் விழுந்து, பக்கத்திலிருந்த தட்டைத் தானே தரையில் ஓங்கி அடித்தான். ஒன்றரை வருஷமாக அந்த அறை கேட்டிராத சத்தம். பட்டாணி அடுப்பு மேடைக்கு அடியில் பாய்ந்து, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். கால் வழியே ஈரம் இறங்கித் தரையில் பரவியது. அவளை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அடுத்த மூன்று நாள் ஆப்பில் குறட்டைகூட இல்லை, அவன் தூங்கவில்லை. கிசுகிசுப்பும் இல்லை. ஆட்டிடம் பேசுவதையும் அவள் விட்டுவிட்டாள். கெடுத்துவிட்டோம், இருந்ததையும் கெடுத்துவிட்டோம் என்று மனைவி காலர் தைத்துக்கொண்டே அழுதாளாம். ஊசி விரலில் ஏறி, கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள்.

நான்காம் நாள் இருவருமே விடுப்புச் சொல்லிவிட்டுப் பிள்ளையோடு பேச்சு டீச்சரிடம் போனார்கள். தட்டை அடித்த கதையைக் கேட்டு டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏன் அப்பா, ஒரு ஃபோன் பண்ணியிருக்கக் கூடாதா? நம்ம சொல்றதால அவ நம்ப மாட்டா. நீங்க சாகாம இருக்கறதே அவ வாயை மூடிட்டு இருக்கறதாலதான்னு நெனச்சுட்டு இருக்கா. அவளா கொஞ்சம் கொஞ்சமா எழுப்பிப் பாக்கணும். அவ போக்குலயே."

பிறகு அவனுடைய ஃபோனை வாங்கி என்னவோ மாற்றினார். "மூச்சுக் காத்து பட்டாலே ஆடு ஏறற மாதிரி வச்சிருக்கேன். முதல்ல அவ குசுகுசுப்பு ஆட்டுக்குக் கேக்கட்டும். அப்புறம் ஆடு ஏற வேண்டிய சத்தத்தை வாரா வாரம் ஒரு இழை கூட்டிக்கலாம். நீங்க இங்க தரையில படுங்க. தூங்கற மாதிரி. அவளுக்கும் தெரியும், விளையாட்டுன்னு. ஆடு உச்சிக்குப் போய் மணி அடிச்சா மட்டும் எழுந்திருங்க."

மாவு வாடை போகாத சட்டையோடு அவன் ஆஸ்பத்திரித் தரையில் மல்லாந்து படுத்தான். குட்டி நாற்காலிகளுக்கு நடுவே கைகாலை நீட்டிக்கொண்டு. மனைவி சுவரோரம் நின்றாள். பட்டாணி ஃபோனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து நிமிஷம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு தரை துடைக்கிற அக்கா வாளியோடு உள்ளே வந்தார். தரையில் ஆள் கிடப்பதைப் பார்த்தார். வாளி கையிலிருந்து விழுந்து தடதடவென்று உருண்டது.

"ஐயையோ! யாருக்கு என்னாச்சு? டாக்டரக் கூப்பிடுங்க!"

ஆஸ்பத்திரியே கேட்கிற குரல். பட்டாணி ஃபோனை எறிந்துவிட்டு ஓடிவந்து அவன் மார்பின் மேல் விழுந்தாள். அவன் காது இரண்டையும் கையால் அடைத்தாள். அந்த அக்காவைத் திரும்பிப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஷ்ஷ்ஷ்!" என்றாள். பிறகு உடைந்து, கரகரத்து, "கத்தாதீங்க!" என்றாள்.

மனைவி சேலை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அவன் கண்ணைத் திறந்தான். மணி அடிக்காமலே, திறக்கச் சொல்லாமலே, தானாகத் திறந்துகொண்டது. மகளின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் அவனுடைய இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். வாளித் தண்ணீர் அவன் முதுகுக்கடியில் ஓடி நனைத்தது. அவன் பேசத் துணியாமல், இமையை மட்டும் மூடித் திறந்தான்.

"எனக்கென்னங்க தெரியும், தரையில ஆளப் போட்டு வச்சிருந்தா?" என்று அந்த அக்கா முனகிக்கொண்டே வாளியை எடுத்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை வந்தீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒன்பது வாரம் ஆயிற்று. சூளையில் சொல்லி இரண்டு மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு வர ஏற்பாடு செய்துகொண்டான். அவன் விடுகிற கடைசி இரண்டு வரிசையை லொடலொடா பார்த்துக்கொண்டான். "பிசைஞ்ச மாவை நானே வேகவைக்கறேன், உனக்கென்ன. நீ போய் ஆடு மேய்" என்றான். முன்னதாகத் தூங்கி, பத்தரைக்கு எழுந்து, பாயிலேயே கண்ணை மூடிப் படுத்துக்கொள்வான். பட்டாணி ஆட்டிடம் முணுமுணுப்பாள். இப்போது ஆட்டுக்குக் கேட்டது. முதல்முறை ஆடு நகர்ந்தபோது அவள் ஃபோனைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினாள். மணி அடித்ததும் அவன் எழுந்து உட்கார்ந்து, "எழுந்துட்டேன்" என்பான். அவள் ஓடிவந்து சரிபார்த்துவிட்டுப் போவாள். ஜன்னல் கம்பளியை மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடுங்கிப் போட்டாள். டீச்சர் வாரா வாரம் ஒரு இழை கூட்டினார். ஆடு ஏற, பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டையைத் திறக்க வேண்டியிருந்தது. சில நாள் ஏறும். சில நாள் அடிவாரத்திலேயே நிற்கும். கம்ப்யூட்டரில் கோடு ஏறி இறங்கி ஏறியது. டீச்சர் இப்போது கோட்டைப் பார்க்குமுன் சத்தத்தைப் போட்டுக் கேட்டார்.

பத்தாவது வாரத்தில் ஒரு நாள். நல்ல வெயில். முந்தின ராத்திரி சூளையில் இரட்டைச் சுமை. வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூட உதறாமல் பாயில் சரிந்தான். விளையாட்டுத் தூக்கம் இல்லை, கல்லைக் கட்டிக் கிணற்றில் போட்ட மாதிரித் தூக்கம். ஆப்பைத் திறந்து வைக்கக்கூட மறந்திருந்தான்.

"அப்பா!"

யாரோ அறைந்த மாதிரி எழுந்து உட்கார்ந்தான். யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை. கனத்த, கொஞ்சம் முரட்டுத்தனமான குரல். அவன் நினைவிலிருந்த மகளின் குரல் மூன்று வயதுக் குரல், கிணுகிணுவென்று இருக்கும். இந்தக் குரலை அவன் கேட்டதேயில்லை. அடுப்பு எரிகிறதா, யாராவது வந்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தான். ஒன்றுமில்லை.

அறை நடுவே பட்டாணி நின்றிருந்தாள். கையில் ஃபோன் இல்லை. இரண்டு கையையும் முஷ்டியாக இறுக்கியிருந்தாள். உடம்பு முழுக்க நடுங்கியது. கண்ணை மட்டும் அவன்மேலிருந்து எடுக்கவில்லை.

"நெஜமா தூங்கினியா?"

"நெஜமாத்தான் தூங்கினேன்."

"சும்மா இல்லையே?"

"சும்மா இல்லடா. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல."

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"சாகல" என்றாள்.

"சாகல."

வெளியே தெருவில் எதையோ இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு?"

இல்லை, மாட்டேன், ஒருநாளும் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். தப்பாக ஒரு சொல் சொன்னால் அது என்ன செய்யும் என்று இந்த வீடு பார்த்துவிட்டது.

"நாளைக்கும் கூப்பிட்டுப் பாரு" என்றான். "இதே மாதிரி, சத்தமா."

அவள் யோசித்தாள். முஷ்டி ஒவ்வொரு விரலாகப் பிரிந்தது.

"சரி. இப்ப நீ தூங்கு" என்றாள், அதே முரட்டுக் குரலில், அதிகாரமாக. பிறகு அவன் படுக்கிறானா என்றுகூடப் பார்க்காமல், கீழே உட்கார்ந்து, மரக்கரண்டியால் ஒரு டப்பாவைத் தட்ட ஆரம்பித்தாள்.

அவன் படுத்துக்கொண்டான். தூக்கம் எங்கே வரப்போகிறது.